இந்திராதேவித் திருநாள்

"யாரோ ஒரு தமிழ்ப் புள்ளையாம் அக்கா. டவுண் பக்கம் பெரிய பள்ளிக்கூடமொண்டில லத்தீன் படிக்குதாம். இல்லாத சாமிக்கு இல்லாத திருநாளொண்டச் சொல்லி ரெண்டு நாள் லீவெடுத்து, இப்பப் புடிபட்டுப் போச்சாம்."

கூட நின்று உதவிக்கொண்டிருந்த நிரோஜா இதைச் சொன்னபோது சிவமலர், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் சிற்றுண்டி மேசைக்குப் பின்னால் நின்று ரோல்ஸைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கை பாதியில் நின்றது.

"ஆர் சொன்னது?"

"துஷ்யாட அம்மா. அவவுக்கு யார் சொன்னதோ தெரியா. இனித் தமிழ்ப் புள்ளையள்ற பழைய லீவுக் கடிதமெல்லாத்தையும் தோண்டி எடுத்துப் பாக்கப் போறாங்களாம். பொலிசுக்கும் போகுமாம். நம்மட பேர நாறடிக்கிறதுக்கெண்டே சிலதுகள் இரிக்குதுகள்."

"லத்தீனோ?" என்றாள் சிவமலர். "உந்தக் காலத்திலை அதை ஆர் படிக்கினம்?"

"அதானே. செத்த பாஷை. நோர்வேக்காரனே படிக்கிறதில்ல. உங்கட சோபிகா என்ன எடுக்கிறா? மெடிசின்தானே?"

"பாஷையளும் எடுக்கிறாள்," என்று சொல்லிவிட்டுச் சிவமலர் குனிந்து, ஏற்கெனவே நிறைந்திருந்த தேநீர்க் குடுவையை இன்னொரு முறை திறந்து பார்த்தாள்.

ஒஸ்லோவில் லத்தீன் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. சிவமலருக்குத் தெரிந்து ஒருத்தி. அந்த ஒருத்தி அவள் பெற்ற பிள்ளை. ஆனால் அந்தத் திருநாளை இட்டுக்கட்டியது பிள்ளையல்ல. அதைச் செய்தது சிவமலர்தான்.

சிவமலர் தாள்களுக்குப் பயந்த மனுசி. இரண்டாயிரத்து ஓராம் ஆண்டு, கோப்பாயிலிருந்து மணப்பெண்ணாக வந்து இறங்கிய முதல் குளிர்காலத்தில், வாசிக்கத் தெரியாத ஒரு கடித உறையை மூன்று கிழமை அலமாரிக்கு மேல் வைத்திருந்தாள். அதற்குள் ஏதோ ஒரு திகதி கடந்துபோய், அவளுடைய விசா எட்டு மாதம் இழுபட்டது. அந்த எட்டு மாதமும் கதவு தட்டுப்பட்டால் குளியலறைக்குள் போய் நின்றவள் அவள். அதன் பிறகு எந்தக் கடிதத்தையும் தபால்பெட்டிக்கு முன்னால் நின்றபடியே உடைப்பாள். அகராதி வைத்து வாசிப்பாள். மடிப்பை நீவி, துளையிட்டு, வளையக் கோப்பில் போடுவாள். நகர ஓரத்து ஸ்டோவ்னரில் நாலாம் மாடி வீட்டில் இப்போது இருபத்து மூன்று கோப்புகள் வரிசையாக நிற்கின்றன. "வீடு எரிஞ்சால் என்னை விட்டிட்டு உதுகளைத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவாய்" என்று புருஷன் ஜெகதீஸ்வரன் சொல்வான். பஸ் ஓட்டுகிறவன், எதையும் சிரிப்பாக்கிவிட்டுப் போகிறவன்.

வேலையும் அவளுக்கு அப்படித்தான் அமைந்தது. ட்வெய்ட்டாவில் ஒரு பல் வைத்தியசாலையின் பின்னறை. கருவிகளைக் கழுவி, பையிலிட்டு, ஓரத்தைச் சூட்டில் ஒட்டி, திகதி முத்திரை குத்தி, கிருமி நீக்கும் ஆவிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஒரு பையின் ஓரம் மயிரிழை திறந்திருந்தாலும் அந்தத் தட்டு முழுவதையும் பிரித்து மறுபடி கழுவ வேண்டும். பதினாலு வருடமாக இதைச் செய்கிறாள். அவள் ஒட்டிய பையைப் பல் வைத்தியர்கள் சரிபார்க்கத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இப்படிப்பட்டவள் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பொய் எழுதினாள் என்றால், அதற்குக் காரணம் பதினாலு என்ற ஒரு எண்.

லத்தீன் எடுத்தால் மருத்துவத்துக்கு நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டுத்தான் இரண்டு வருடத்துக்கு முன் அவள் சம்மதித்தாள். மருத்துவத்துக்குக் கேட்பது இரசாயனவியல், லத்தீனை ஒருவரும் கேட்பதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் சோபிகா அந்தப் பக்கம் போய்விட்டாள். குசினி மேசையில் இருந்துகொண்டு, ஒரு வசனத்தைக் கோழியைத் துண்டுபோடுவதுபோல் பிரித்து வைப்பாள். "அம்மா, எங்கடை மாதிரித்தான். வினை கடைசியிலை வருது, பாருங்கோ. நோர்ஸ்க் பிள்ளையள் தலையைச் சொறியினம், எனக்கு அது நேராப் போகுது" என்பாள். இரண்டாம் வருட லத்தீன் அவளுடைய பள்ளியில் இல்லை. நாலு பள்ளிகளிலிருந்து ஏழு பிள்ளைகள் நகரத்து நடுவில் இன்னொரு பள்ளியின் மேல்மாடி அறையில் கூடுவார்கள். ஆசிரியை றாக்ன்ஹில்ட் அவர்களுக்கு மொழியோடு உரோமரின் வீட்டையும் சாப்பாட்டையும் சாவையும் சாமிகளையும் சொல்லிக்கொடுத்தாள். அடுத்த வருடம் பல்கலைக்கழகத்தில் இதையே படிக்கப் போவதாகச் சோபிகா ஒரு நாள் சொன்னாள். சிவமலர் வெளியில் கேட்பவர்களுக்குப் "பாஷை" என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டாள்.

லத்தீனுக்கு வருடத்தில் நூற்று நாற்பது மணித்தியாலம். காரணம் காட்டாமல் அதில் பத்து வீதத்துக்கு மேல் விட்டால் அந்தப் பாடத்துக்குப் புள்ளி கிடையாது. புள்ளி இல்லாவிட்டால் முடிவுச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் இலையுதிர்காலத்தில் பல்கலைக்கழக இடமும் இல்லை. பத்து வீதம் என்றால் பதினாலு. காலை முதல் பாடத்துக்கு ஸ்டோவ்னரிலிருந்து ஓடிப் பிந்திய நாள்களும், வைத்தியரிடம் போகாமல் கிடந்த ஒரு காய்ச்சலுமாகச் சோபிகா இதுவரை பன்னிரண்டு விட்டிருந்தாள்.

நவம்பரில் பாரிஸில் கலியாணம். சிவமலரின் அக்கா இந்திராதேவியின் ஒரே மகளுக்கு. சோபிகாதான் தோழி என்பது மணமகள் ஐந்து வயதில் எடுத்த முடிவு. வியாழனும் வெள்ளியும் போனால் லத்தீன் நாலு மணித்தியாலம் போகும். அப்போதுதான் வேலையிடத்துச் சோமாலியத் தோழி ஒருத்தி சொன்னாள்: நோர்வேத் திருச்சபையில் இல்லாதவர்களுக்குத் தங்கள் சமயத் திருநாளுக்கென்று வருடத்தில் இரண்டு நாள் உண்டு, முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அது விடுபட்ட கணக்கில் வராது.

படிவத்தில் "எந்தத் திருநாள்" என்று ஒரு கட்டம் இருந்தது. தீபாவளி ஏற்கெனவே போய்விட்டது. சிவமலர் பேனையோடு இருந்தாள். மேசையில் கிடந்த கைபேசி அதிர்ந்தது. திரையில் அக்காவின் பெயர். சாறிக்கு ஏற்ற வளையல் எது என்று கேட்க எடுத்திருப்பாள். சிவமலர் கட்டத்துக்குள் "இந்திராதேவித் திருநாள்" என்று நோர்வேஜிய மொழியில் எழுதினாள். "சுருக்கமான விளக்கம்" என்ற கட்டத்தில், குடும்பத்துப் பெண்கள் ஒன்றுகூடுவர், பட்டு உடுத்துவர், விளக்கேற்றுவர், பலகாரம் செய்வர், இளையவர்களை மூத்த பெண்கள் அறுகும் அரிசியும் தூவி ஆசீர்வதிப்பர் என்று எழுதினாள். அதில் ஒரு வசனமும் பொய்யில்லை. எல்லாம் கலியாண வீட்டில் நடக்கப் போவதுதான். அப்போது சோபிகாவுக்குப் பதினெட்டு ஆக ஒரு மாதம் இருந்தது. ஆகவே தாயின் கையெழுத்துப் போதும். லீவு கிடைத்தது. படிவத்தின் பிரதி இருபத்து மூன்றாவது கோப்பில் போய்ச் சேர்ந்தது.

அன்று தமிழ்ப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்தவள் மேலங்கியைக் கழற்றவில்லை. சோபிகா குசினி மேசையில் இருந்தாள்.

"லத்தீன் ரீச்சர் ஏதும் கேட்டவவோ?"

சோபிகா நிமிரவில்லை. "ஆர் சொன்னது?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"புதன்கிழமை பத்தேகாலுக்கு நான் வகுப்பிலை கதைக்கவேணும். பதினைஞ்சு நிமிஷம்."

"என்னத்தைப் பற்றி?"

"உங்கடை திருநாளைப் பற்றி."

சிவமலர் கதிரையை இழுத்து இருந்தாள்.

சோபிகா சொன்னாள். வகுப்பில் பெப்ரவரிப் பாடம் உரோமரின் குடும்பச் சடங்குகள். பெப்ரவரியில் இறந்தவர்களுக்குப் படைக்கும் நாள்கள் முடிந்ததும் காரிஸ்டியா என்று ஒரு நாள். அன்றைக்குச் சொந்தக்காரர் மட்டும் கூடியிருந்து சாப்பிடுவார்கள், வீட்டுச் சாமிக்குச் சாம்பிராணி போடுவார்கள். சில பெரிய குடும்பங்களுக்கு வேறு யாருக்கும் இல்லாத தனிச் சடங்கே இருந்தது. குடும்பம் அழிந்தால் சடங்கும் அழியும். இதைப் படிப்பிக்கும்போது றாக்ன்ஹில்டுக்கு நவம்பரில் வந்த படிவம் நினைவுக்கு வந்துவிட்டது.

"எடுத்து வகுப்பிலை வாசிச்சவ அம்மா. எனக்கு அதுக்குள்ளை என்ன எழுதியிருக்கெண்டு அப்பதான் தெரியும். அவ இன்ரநெற்றிலை தேடிப் பாத்தவவாம், இல்லையாம். புத்தகங்களிலை பாத்தவவாம், இல்லையாம். அதாலை இன்னும் சந்தோசம். எங்கையும் எழுதப்படாத ஒரு குடும்பச் சடங்கு, அதைக் கண்ணாலை கண்ட பிள்ளை என்ரை வகுப்பிலை இருக்கு எண்டு சொன்னவ. முப்பது வருசமாப் படிப்பிக்கிறன், இப்பதான் உயிரோடை ஒண்டைப் பாக்கப் போறன் எண்டு." சோபிகா பேனையின் மூடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டாள். "அவவுக்குக் கண் கலங்கிப் போச்சு."

"நீ ஒண்டும் சொல்லேல்லையோ?"

"என்னத்தைச் சொல்லுறது? அது என்ரை பெரியம்மா எண்டோ?"

"வெளியிலை ஆருக்குச் சொன்னனீ?"

"துஷ்யாவுக்கு மட்டும்."

அந்த மட்டும் எப்படி நிரோஜாவரை வந்தது என்பது சிவமலருக்கு விளங்கிவிட்டது. பொலிஸ் என்பது வழியில் யாரோ சேர்த்தது. பிடிபட்டுப்போனது என்பதும் வழியில் சேர்ந்தது. மிச்சமெல்லாம் இந்த மேசையிலிருந்து போனதுதான்.

வேலை முடிந்து வந்த ஜெகதீஸ்வரன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கதை முழுவதையும் கேட்டான். "உன்ரை கொக்கா இந்திராதேவியை அம்மனாக்கிப்போட்டியே!" என்றான். "தேர் எப்ப இழுக்கிறம்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திக்கொண்டான்.

"நான் வகுப்பிலை பொய் சொல்லமாட்டன்," என்றாள் சோபிகா.

"சொல்லாட்டிப் பன்னிரண்டோடை நாலு. எத்தினை? நீயே சொல்லு."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் இந்தக் கதை கதைக்கிறாய்? உன்ரை ஒரு வருசம், பிள்ளை."

"இஞ்சை பார் சோபி," என்றான் ஜெகதீஸ்வரன். "நான் இந்த நாட்டுக்குள்ளை காலடி வைச்சது வேறை ஒருத்தன்ரை பாஸ்போட்டிலை. அந்தப் பெயரை விமானத்துக்குள்ளை இருந்து பாடமாக்கினனான். இண்டைக்கும் மறக்கேல்லை. அதாலை ஆருக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"அது உயிருக்கு அப்பா. இது கலியாணத்துக்கு."

அவன் எழுந்து போய்க் கை கழுவினான். வழக்கத்தைவிட அதிக நேரம் கழுவினான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எப்படியோ, சோபிகா கொப்பியோடு வந்து தாயின் முன்னால் இருந்தாள். சரி சொல்லுங்கோ, கேட்டுப் பார்ப்பம் என்றாள். சிவமலர் கத்தரிக்காய் வெட்டுவதை நிறுத்தினாள்.

"எப்ப வாறது?"

"கார்த்திகையிலை."

"எந்தத் திதி?"

"பஞ்சமி எண்டு சொல்லு."

"எண்டு சொல்லோ? சரி. ஆர் பூசை செய்யிறது?"

"வீட்டிலை மூத்த பொம்பிளை."

"ஐயர் இல்லையோ?"

"ஐயர் வரமாட்டார். இது பொம்பிளையளின்ரை." சொல்லச் சொல்ல அவளுக்கு அது கண்ணில் தெரியத் தொடங்கியது. "ஒன்பது விளக்கு. நடுவிலை நிறைகுடம். இந்திராதேவி எண்டது எங்கடை வம்சத்திலை ஒரு கன்னிப்பிள்ளை. பஞ்சம் வந்த காலத்திலை ஊருக்குத் தண்ணி காட்டிக் குடுத்தவ..."

சோபிகா எழுதவில்லை. தாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடுவிலை பிழைச்சால் என்ன செய்யிறது?"

"என்ன பிழைச்சால்?"

"உரோமர் பூசையிலை ஒரு சொல்லுப் பிழைச்சாலும், எங்கையேன் எலி கீச்சிட்டாலும், அந்தப் பூசை செல்லாது. திரும்ப முதல்லை இருந்து தொடங்கவேணும். எத்தினை தரம் எண்டாலும். றாக்ன்ஹில்ட் இதைக் கட்டாயம் கேப்பா. எங்கடையிலை என்ன?"

"எங்கடையிலையும் அப்பிடித்தான்."

சோபிகா பேனையை வைத்தாள். "நான் சொல்லுறதைத்தான் நீங்கள் திருப்பிச் சொல்லுறியள்."

"கதைக்க ஏதும் வேணும்தானே."

"நீங்கள் வடிவாப் பொய் சொல்லுறியள் அம்மா. எனக்கு முதல் தெரியாது." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் சிவமலர் திருப்பிப் பேசியிருப்பாள். "எங்கடை வீட்டிலை எனக்குச் சொன்ன மிச்சக் கதையளும் இப்பிடித்தானோ எண்டு யோசிக்கிறன்."

கத்தரிக்காய் கறுத்துப் போயிருந்தது.

திங்கட்கிழமை பள்ளியிலிருந்து தகவல் வந்தது. சோபிகாவின் கைபேசிக்கு வந்ததை அவள் ஒரு சொல்லும் சொல்லாமல் தாய்க்கு அனுப்பிவிட்டாள். பாடப் பொறுப்பாளர் எழுதியிருந்தார்: நவம்பர் மாத விடுப்புக்குரிய திருநாள் பள்ளியின் பட்டியலில் இல்லை; வகுப்பில் அதைப் பற்றி உரை நடக்கவிருப்பதாக அறிந்து மகிழ்ச்சி; எனினும் ஆவணம் முழுமையாக இருக்க வேண்டும் என்பதால் சமய அமைப்பு ஒன்றின் உறுதிக் கடிதத்தைப் புதன் காலை பத்து மணிக்குள் பதிவேற்றவும்; தவறினால் அந்த நாலு மணித்தியாலமும் விடுபட்டதாகவே கணக்கிடப்படும். மரியாதையான கடிதம். சிவமலர் அதை ட்வெய்ட்டாவில் ஆவிப் பெட்டிக்கு முன்னால் நின்று நாலு முறை வாசித்தாள்.

செவ்வாய் பின்னேரம், வேலை உடுப்போடே கோயிலுக்குப் போனாள். செயலாளர் சீனித்தம்பி அலுவலக அறையில் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் விட்டுக்கொண்டு இருந்தார். மட்டக்களப்புக்காரர். முப்பது வருடம் மீன் தொழிற்சாலையிலும் பிறகு தபால் பிரிக்கும் இடத்திலும் வேலை செய்து ஓய்வெடுத்தவர். கோயில் முத்திரையும் மைத் தட்டும் அவர் மேசையில் ஒரு சிறிய பட்டுத் துணிக்கு மேல் இருக்கும்.

"இரிங்க மகள். என்ன, புள்ளைக்கு ஏதும் கடிதமா?"

அவள் சொன்னாள். திருநாளின் பெயரைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அப்படி ஒன்று இல்லையே என்று அவர் சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

"இந்திராதேவியா?" சீனித்தம்பி யோசித்தார். "எங்கட பக்கம் இல்ல. உங்கட யாழ்ப்பாணத்துப் பக்கம் இரிக்கும்."

"ஓம்," என்றாள் சிவமலர்.

"நாங்க அம்மனுக்குச் செய்யிற குளுத்திச் சடங்கு இரிக்கே, அது உங்கட ஆக்களுக்குத் தெரியாது. முதல் முதல் இஞ்ச வந்து சொல்லேக்க, என்ன இது புதுசா எண்டு கேட்டாங்க. அதுமாதிரித்தான் இதுவும். எல்லாருக்கும் எல்லாம் தெரியணுமெண்டு இல்லயே." அவர் கோயில் தலைப்பு அச்சிட்ட தாளை எடுத்தார். "எத்தினாம் தேதியில வாறது? கார்த்திகையா? சரி. அடுத்த வருசக் கலண்டர்லயும் போட்டுருவம். நம்மட புள்ளையளுக்கும் ரெண்டு நாள் கிடைக்கட்டும்."

"கலண்டர்லையோ?"

"பின்ன? உண்மையான ஒரு நாள ஏன் ஒளிச்சு வைக்கணும்?"

அவர் நிதானமாக எழுதினார். ஒவ்வொரு எழுத்தும் உருண்டையாக விழுந்தது. கையெழுத்திட்டார். முத்திரையை மையில் இரண்டு முறை ஒற்றி, தாளில் வைத்து, முழுப் பாரத்தையும் கொடுத்து அழுத்தினார். மை நன்றாக விழுந்ததா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபிறகே அவளிடம் நீட்டினார். அவளும் தன் பைகளை அப்படித்தான் பார்ப்பாள்.

"நல்லாப் படிக்கச் சொல்லுங்க மகள். லத்தீன் படிக்கிற தமிழ்ப் புள்ள எண்டா சும்மாவா."

அவள் நன்றி சொன்னாள். சொன்னதாகத்தான் நினைத்தாள்.

வீட்டில் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு மேசையில் வைத்தாள். சோபிகா எடுத்து வாசித்தாள். கீழே பெயரைப் பார்த்தாள்.

"சீனித்தம்பி மாமாவுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"அப்ப இப்ப அவரும் இதுக்குள்ளையோ?" கடிதத்தை எடுத்த இடத்திலேயே, எடுத்த கோணத்திலேயே திருப்பி வைத்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அடித்துச் சாத்தவில்லை.

அன்றைக்கே படமெடுத்துப் பதிவேற்றியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. சிவமலர் கைபேசியை எடுத்தாள், வைத்தாள். நாளைக்கு வெளிச்சத்தில் எடுத்தால் தெளிவாக வரும் என்று ஜெகதீஸ்வரனிடம் சொன்னாள். அவன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எடுக்கிறதெண்டால் எடு. விடுகிறதெண்டால் விடு. அந்தப் பிள்ளையை அந்தரத்திலை நிப்பாட்டாதை" என்றான். இந்த முறை அவன் எதையும் சிரிப்பாக்கவில்லை.

புதன் காலை சோபிகா வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். தலையை இறுக்கி வாரியிருந்தாள். பாணில் ஒரு கடி கடித்துவிட்டு வைத்தாள்.

"என்ன சொல்லப்போறாய்?" என்று கேட்டாள் சிவமலர்.

"தெரியாது. உள்ளதைச் சொன்னால் உங்களைக் காட்டிக் குடுக்கவேணும். நீங்கள் சொன்னதைச் சொன்னால் அவவின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு சொல்லவேணும்." சோபிகா கழுத்துத் துணியைச் சுற்றினாள். "ட்டி-பான் ரயிலிலை போகேக்கை யோசிப்பன்."

"பிள்ளை, ஒரு வருசம்..."

"பிறகு தனியாச் சோதினை எழுதலாம் அம்மா. ஒரு வருசம் பிந்தும். அது எனக்குத் தெரியும். அதுதான் எனக்குப் பயம். ஆனா அது மட்டும் இல்லை."

கதவு சாத்தியபிறகுதான் சிவமலர் மேசையைப் பார்த்தாள். கொப்பி அங்கேயே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் பஞ்சமி, ஒன்பது விளக்கு, நிறைகுடம் என்று பிறகு எப்போதோ எழுதி, எல்லாவற்றையும் ஒரே கோட்டால் வெட்டியிருந்தாள். வெட்டாமல் விட்டிருந்தது கடைசி வரி மட்டும்: பிழைச்சால் முதல்லை இருந்து.

பல் வைத்தியசாலையில் ஒன்பது நாற்பதுக்கு முதலாவது தட்டு வெளியே வந்தது. ஆறாவது பையின் ஓரம் திறந்திருந்தது. அவள் ஒட்டிய ஓரம். விரலால் தடவிப் பார்த்தாள், சந்தேகமில்லை. தட்டு முழுவதையும் பிரித்துத் தொட்டியில் போட்டாள். தண்ணீரைத் திறந்துவிட்டாள். பிறகு, கையுறையைக் கழற்றி, தன் பையிலிருந்து கோயில் கடிதத்தை எடுத்தாள்.

ஒன்பது ஐம்பத்திரண்டு. பள்ளியின் பக்கத்தைக் கைபேசியில் திறந்தாள். சோபிகா தந்திருந்த கடவுச்சொல் வேலை செய்தது. "ஆவணத்தை இங்கே இணைக்கவும்" என்ற நீலக் கட்டம் இருந்தது. கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தாள். முத்திரை வடிவாக விழுந்திருந்தது. சீனித்தம்பியின் உருண்டை எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டாமல் நின்றன. படமெடுக்கும் வட்டத்துக்கு மேல் அவள் பெருவிரல் நின்றது. வகுப்பறை வாசலில் அவள் பிள்ளை வெள்ளைச் சட்டையோடு நிற்பாள். மற்ற ஆறு பேரும் கதிரையை இழுப்பார்கள். அந்த ஆசிரியை கையைக் கோத்துக்கொண்டு முன்வரிசையில் இருப்பாள்.

ஒன்பது ஐம்பத்தெட்டு.

சிவமலர் கடிதத்தை மடித்தாள். இரண்டாக, பிறகு நாலாக. இருபத்தைந்து வருடத்தில் முத்திரை குத்திய ஒரு தாளை அவள் மடித்தது இதுதான் முதல்முறை. அதைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, வருடத் தொடக்கத்தில் பெற்றோருக்கு வந்த தாளின் படத்தைக் கைபேசியில் தேடினாள். றாக்ன்ஹில்டின் இலக்கம் அதில் இருந்தது. சொல்ல வேண்டியதை நோர்வேஜிய மொழியில் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அப்படி ஒரு திருநாள் இல்லை. எழுதியது நான். அவளுக்குத் தெரியாது. அவளை எழும்பிக் கதைக்கச் சொல்லாதேயுங்கள். இரண்டாவது வசனத்தில் வினை இடம் மாறிவிட்டது. திரும்ப முதலிலிருந்து சொன்னாள்.

இலக்கத்தை அழுத்தினாள். மணி போனது. எட்டுத் தரம் போய், பதிவு செய்த குரல் ஒன்று வந்தது. துண்டித்தாள்.

பத்து மணி ஆனது. நீலக் கட்டம் சாம்பல் நிறமானது.

மறுபடி அழுத்தினாள். ஆசிரியை மாடிப்படியில் ஏறிக்கொண்டிருப்பாள். கைபேசி கைப்பையின் அடியில் கிடக்கும். அல்லது மேசையில், சத்தத்தை நிறுத்தி, முகம் கவிழ்த்து. மீண்டும் பதிவுக் குரல்.

"சிவா, மூன்றாம் அறைக்குத் தட்டு வேணும்," என்று யாரோ வெளியிலிருந்து கூப்பிட்டார்கள்.

"ஒரு நிமிஷம்," என்றாள். அதைத் தமிழில் சொன்னதை அவள் கவனிக்கவில்லை.

பத்து மணி பன்னிரண்டு நிமிடம். பத்தேகாலுக்கு இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. தொட்டியில் தண்ணீர் நிரம்பி வழியத் தொடங்கியிருந்தது. குழாயைப் பூட்டினாள். அறை திடீரென்று அமைதியானது. ஈரக் கையைத் துடைக்காமலே மூன்றாவது முறை அழுத்திக் காதில் வைத்தாள்.

மணி போய்க்கொண்டிருந்தது.